அடுத்தவன் மொட்டை

என் தலைமுடியை எனக்குத் தெரியாமல் திருச்செந்தூர் முருகனுக்கு எழுதிக் கொடுத்தவர் அண்ணாச்சி. விசா புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போர்ட் ஆபீசிலேயே காணாமல் போய், மூன்று வாரம் கழித்து ஓர் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. அன்று சாயங்காலம் அறைக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"லீவுக்குப் போகையில செந்தூர்ல ஒரு மொட்டை போட்டுருடே. நான் வேண்டியிருந்தேன்."

"யாருக்கு மொட்டை?"

"ஒனக்குத்தான். பாஸ்போட்டு ஒன்னுதுல்லா."

"என்னைக் கேக்க வேணாமா அண்ணாச்சி?"

"கேட்டா நீ மாட்டேம்ப. காரியம் நின்னு போயிரும்."

துபாய் அல் கூஸில் ஃபோர்க்லிஃப்டும் பொக்லைனும் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். தூரத்தில் உலகத்திலேயே உயரமான அந்தக் கோபுரம் பாதி எழும்பி நின்ற வருஷங்கள். அவர் என்ஜின், நான் ஹைட்ராலிக். கேம்ப்பிலும் ஒரே அறை. அவர் கட்டில் கீழே, என்னுடையது மேலே. அவர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்துக்காரர், எனக்கு அறந்தாங்கிப் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மலையாளி, தெலுங்கர், பட்டாணி என்று கேம்ப் மொத்தமும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டது. பெயர் என்று ஒன்று பத்தாக்காவில், அதாவது அடையாள அட்டையில், இருந்திருக்கும்.

அடுத்தவர் கஷ்டத்துக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அண்ணாச்சியின் வழி வேறு. வேண்டுவது அவர், செலுத்துவது சம்பந்தப்பட்டவர். அதை ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"வேண்டுறது நீங்க, மொட்டை நானா?"

"பலன் ஒனக்கு, மொட்டை எனக்கா? இது எந்த ஊரு நியாயம்டே?"

தனக்கென்று அவர் எதையும் வேண்டி நான் பார்த்ததில்லை. "எனக்கு நானே கேட்டா அது ஆசை. அடுத்தவனுக்குக் கேட்டா சிபாரிசு. சாமிகிட்டயும் சிபாரிசுதான் செல்லும்" என்பார். சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைக்கப் போய்விடுவார்.

கடப்பாக்காரர் ஒருவருடைய தம்பிக்கு வேலை கிடைத்ததற்கு, கடப்பாக்காரர் திருப்பதி மலையில் முட்டி போட்டுப் படியேறினார். லீவு முடிந்து வந்து ஒரு வாரம் எங்கள் யாரோடும் உட்கார்ந்து பேசவில்லை, உட்கார முடியவில்லை. எங்கள் ஃபோர்மேன் பெஷாவர்க்காரப் பட்டாணி. அவருடைய மகனுக்கு டைபாய்டு வந்து தெளிந்தபோது, அண்ணாச்சி அவரிடம் போய்த் தன் இந்தியில் விஷயத்தைச் சொன்னார். "பாய், ஆப்கா நஸ்வார் ஏக் மஹீனா பந்த். மைனே பகவான் கோ போல் தியா." நஸ்வார் என்பது பட்டாணிகள் உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலை; ஒரு மாதம் அது கூடாது என்று சாமியிடம் சொல்லியாயிற்றாம். பட்டாணி அதில்லாமல் தூங்கக்கூட மாட்டார். அவர் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து, கழிவு ஆயில் டிரம்மில் போட்டார். "போல் தியா தோ போல் தியா" என்றார், சொன்னது சொன்னதுதான் என்று. அந்த ஒரு மாதம் அவரிடம் திட்டு வாங்காதவர் ஒர்க்‌ஷாப்பில் இல்லை.

மேனேஜருக்குக்கூட ஒரு வேண்டுதல் இருந்தது. அவர் பம்பாய்க்காரர், சுருள் சுருளாக அழகான முடி. அவருக்கு மூட்டுவலி தீர்ந்தது. சொல்லும் தைரியம் அண்ணாச்சிக்கு வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் மேனேஜர் லீவு முடிந்து திரும்பும்போது அண்ணாச்சி முதலில் அவர் தலையைத்தான் பார்ப்பார். "நாலு வருசமா முருகன் பொறுத்துக்கிட்டு இருக்காரு" என்று என் காதில் சொல்வார், ஏதோ நான் அந்த மேனேஜருக்கு ஜாமீன் நின்றவன் மாதிரி.

யாரும் அவருக்கு முடியாது என்று சொன்னதாக ஞாபகமில்லை. கேட்கும்போது பற்றிக்கொண்டுதான் வரும். அப்புறம் கட்டிலில் படுத்து யோசித்தால், நம் பெயரைச் சொல்லி ஒரு மனுஷன் சாமி முன்னால் நின்றிருக்கிறானே என்று தோன்றும். கேம்ப்பில் நம் பெயரைச் சொல்ல வேறு யார் இருந்தார்கள், ஓவர்டைம் எழுதுகிறவனைத் தவிர?

நான் ஒருவன்தான் மறுத்தேன். என் மனைவிக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. இரண்டாம் முறை, நான் சொல்லாமலே, என் பெயரில் பழனிக்குக் காவடி வேண்டிக்கொண்டார் அண்ணாச்சி. அது ஆறாம் மாதத்தில் போயிற்று. போன் வந்த அன்று நான் மேல் கட்டிலிலிருந்து இறங்கி, அறையில் எட்டுப் பேர் பார்க்க, அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"உங்க சிபாரிசு லட்சணம் தெரிஞ்சு போச்சு. இனிமே என் வீட்டு விஷயத்துல சாமிகிட்ட வாயைத் திறந்தீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"சரிடே" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருந்தார். நான் குடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் குடித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மூன்றாம் முறை உண்டானபோது அவரிடம் சொன்னேன். "ரொம்ப சந்தோசம்டே" என்றார். அதற்குமேல் ஏதோ வர, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். வேண்டாமல் இருப்பது அவருக்கு எத்தனை பாடு என்று அப்போதுதான் பார்த்தேன்.

அந்த வருஷம் ஜப்பானுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். புது மாடல் ஃபோர்க்லிஃப்ட் வந்திருந்தது. என் மனைவிக்கு ஏழாம் மாதம். டிசம்பரில் லீவு சொல்லி வைத்திருந்தேன், அக்டோபரில் போய் வந்துவிடலாம் என்று கணக்கு. அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். நாங்கள் வாத்தியார் என்று பேசிக்கொண்டோம். அவருக்கு எங்கள் அளவுக்கு ஆங்கிலம் தெரியும், அதாவது அவசரத்துக்குப் போதாது.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் எங்களை அந்த ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சிவப்புச் சாயம் பூசிய மர வாசல்கள், இரண்டு தூணும் மேலே குறுக்குக் கட்டையுமாக, ஒன்றன்பின் ஒன்றாக மேடேறிப் போயின. முதல் வாசலிலேயே அண்ணாச்சி ஷூவைக் கழற்றினார். வாத்தியார் பதறி, "நோ, நோ, ஷூ ஓகே" என்றார்.

"கோயிலுக்குள்ள செருப்பா? நல்லா இருக்கே" என்றபடி அண்ணாச்சி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் கழற்றினேன். வாத்தியார் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் கழற்றினார். மூன்று பேர் சாக்ஸோடு ஜல்லிக் கல்லில் நடந்து போனதை அந்த ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

உள்ளே ஒரு கல்தொட்டி, அதில் மூங்கில் கரண்டிகள். வாத்தியார் இடது கை, வலது கை என்று கழுவி, வாயைக் கொப்பளித்து ஓரமாகத் துப்பினார்.

"ஐயோ, தீர்த்தத்தைத் துப்புதாரே மனுசன்!" என்ற அண்ணாச்சி, உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். எனக்கும் ஒரு கை ஊற்றினார். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு விருந்தாளிகள் என்று விட்டுவிட்டார்.

சந்நிதிக்கு இரண்டு பக்கமும் கல் நரிகள், கழுத்தில் சிவப்புத் துணி. "காவலுக்கு" என்றார் அண்ணாச்சி, பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்கு வந்துபோகிறவர் மாதிரி. வாசல் தூண்களில் எழுதியிருந்ததைக் காட்டி, கேட்டது நடந்தவர்கள் நட்டுவைத்தவை, அது அவர்கள் பெயர் என்று வாத்தியார் விளக்கினார். இது அண்ணாச்சிக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

"நேர்த்திக்கடன்டே! நம்ம கோயில்ல டியூப்லைட்டுல பேரு எழுதுவான்லா, வெளிச்சமே வராம. அதே ஆளுகதான் இங்கயும்" என்றார். ஒவ்வொரு தூணையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே போனார். அப்புறம் பிரகாரம் தேடினார். பிரகாரம் இல்லை. வேலிக்கும் சுவருக்கும் நடுவில் செடி மண்டிய ஒரு சந்து இருந்தது. அதில் பக்கவாட்டில் நுழைந்து மூன்று சுற்று வந்தார். கையில் ஷூவுடன் வாத்தியாரும் பின்னாலேயே மூன்று சுற்று வந்தார், மரியாதைக்கு.

சந்நிதியில் கயிற்றை ஆட்டி மணியடித்து, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட வேண்டுமாம். வாத்தியார் கும்பிட்டார். நான் சும்மா கும்பிட்டுவைத்தேன். அண்ணாச்சி மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வாயை மூடி, சாமியை நேராகப் பார்த்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, கும்பிடலையா?"

"கையக் கூப்பினா பழக்கதோசத்துல எதும் வாயில வந்துரும்டே. ஒனக்கு வாக்குக் குடுத்திருக்கேம்லா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பரவாயில்லை, வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வீம்பு, வேறென்ன.

சாப்பாடு கோயில் வாசலுக்கு எதிரிலேயே, பழைய மரவீட்டில் நடந்த ஒரு கடையில். தாத்தன் காலத்துக் கடையாம். அங்கே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். "கோயில்ல போட்டுக்கிடணும், ஓட்டல்ல கழட்டணும். நல்ல ஊருடே" என்றார் அண்ணாச்சி. கோரைப்பாய் விரித்த தரையில் குட்டை மேசை. கடைக்கார அம்மா மண்டியிட்டு, மூடிபோட்ட கறுப்புப் பெட்டி ஒவ்வொன்றை எங்கள் முன் வைத்தார். அண்ணாச்சி மூடியைத் திறந்தார். சோற்றின்மேல் கரியில் வாட்டி, கருப்பட்டிப் பாகு நிறத்தில் மினுங்கிய மீன் துண்டுகள்.

"விலாங்குடே!" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கும் மீனுக்கும் இருந்த உறவை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை லீவன்று எல்லோரும் போர்வைக்குள் கிடக்க, அவர் முதல் பஸ்ஸில் தேரா மீன் மார்க்கெட்டுக்குப் போவார். செவுளைத் திறந்து பார்த்து, மீனிடமே நலம் விசாரிப்பார். குழம்பு வைத்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, தலையை மட்டும் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அரைமணி நேரம் பேச்சு கிடையாது. அந்த அரைமணி நேரம் அவருக்கு ஊரும் இல்லை, அல் கூஸும் இல்லை, யாருடைய வேண்டுதலும் இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான். குச்சியை இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கையால் எடுத்து, கண்ணை மூடி, மெல்ல மென்றார். அவர் முகத்தைப் பார்த்த கடைக்காரர் அடுப்படியிலிருந்தே வெளியே வந்துவிட்டார். முள்ளை எப்படி எடுக்கிறான் என்று அண்ணாச்சி தமிழில் கேட்க, கடைக்காரர் ஜப்பானிய மொழியில் பதில் சொல்ல, இருவரும் கத்தியைக் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் குஷியாகி, எங்கள் அண்ணாச்சிக்கென்று தனியாக இன்னொரு மீனை வாட்டப் போனார்.

அப்போதுதான் வாத்தியாரின் போன் அடித்தது. எங்கள் துபாய் மொபைல்கள் அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. வாத்தியார் போனுக்கே தலைவணங்கிப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். துபாய் ஆபீசிலிருந்து மலையாளிப் பெண்.

"சேட்டா, நாட்டிலேந்து உங்க மச்சான் போன் விளிச்சு. வைஃபை ஆஸ்பத்திரில சேத்திருக்கு. பிரஷர் கூடிப்போயி. இப்பவே ஆபரேஷன் வேணும்னு டாக்டர் பறஞ்சு. வேற ஒண்ணும் அறியில்ல. டென்ஷன் ஆவாதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. என் கையைப் பிடித்தார், அவ்வளவுதான். பாவி மனுஷன், அப்போதாவது வாக்கை மீறியிருக்கக் கூடாதா? நான் அதற்காகத்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போது தெரியாது. வேண்டாம் என்று வாயைக் கட்டியவன் நான். அவிழ்த்துவிடவும் எனக்குத் தைரியம் இல்லை, போனதடவை அவர் வேண்டியது பலிக்கவில்லையே.

எழுந்து வெளியே வந்தேன். வாசலில் கிடந்த யாருடைய மரச்செருப்பையோ மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எனக்கு வேண்டிப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? முடியா? துபாய்த் தண்ணீரில் அது பாதி போய்விட்டது. எனக்கென்று உயிரைவிடும் ஆசை எதுவும் கிடையாது, எதைச் சாப்பிட்டாலும் ஒன்றுதான். எனக்குத் தெரிந்தவர்களில், விட்டுக்கொடுத்தால் சாமியே திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பெரிய சந்தோஷம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அதைச் சற்றுமுன்தான் கண்ணால் பார்த்திருந்தேன்.

"ரெண்டு உசுரையும் காப்பாத்து. எங்க அண்ணாச்சி இனிமே மீன் சாப்பிட மாட்டார்" என்று நரிகள் முன்னால் தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது இரண்டாவது பெட்டி வந்திருந்தது. கடைக்காரர் பக்கத்திலேயே மண்டியிட்டுக் காத்திருந்தார். அவர் மனம் நோகக் கூடாதென்று அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டு போயிருந்தார்.

"சாப்பிடாதீங்க அண்ணாச்சி" என்றேன்.

கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், என் காலில் கிடந்த மரச்செருப்பைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யாருகிட்ட சொன்ன?"

"எதிர்க்கோயில்ல. நரிகிட்ட."

"மீனையா?"

"ஆமா."

"எந்த மீனு?"

"மீனுன்னுதான் சொன்னேன்."

"கருவாடு?"

"அதுவும் சேருமா அண்ணாச்சி?"

"சேரும்." கொஞ்சம் யோசித்தார். "எத்தன நாளைக்குன்னு சொன்ன?"

"சொல்லல. தெரியல எனக்கு."

"நாளு சொல்லலன்னா ஆயுசுக்கும்டே" என்றார், கோபமே இல்லாமல், என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்வது போல. துண்டைப் பெட்டியில் வைத்தார். ஈரத்துவாலையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கடைக்காரர் கலவரப்பட்டு, ருசி சரியில்லையா என்று வாத்தியார் மூலம் கேட்டார். அண்ணாச்சி அவரைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு அந்தக் கைகளைப் பிரிக்காமலே என் பக்கம் திரும்பி, "இப்ப நானும் ஒரு வார்த்த கேட்டுக்கிடலாமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் மறுபடி போன் வந்தது. பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், தாய் கண் விழித்துவிட்டாள். அண்ணாச்சி என் தலையில் ஒரு குட்டுவைத்து, "லேய், அப்பன்" என்றார்.

அல் கூஸ் திரும்பிய பிறகும் அவர் வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. குழம்பும் அவர்தான் வைத்தார், வேறு யாருக்கும் அந்தக் கைப்பக்குவம் கிடையாது. கரண்டியை என்னிடம் நீட்டி "உப்பு பாருடே" என்பார். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, தன் சோற்றுக்கு மோரும் ஊறுகாயும் எடுத்துக்கொள்வார். அறையில் இருந்தவர்கள் சபரிமலைக்கு மாலை என்று நினைத்து, மாதக்கணக்கில் நினைத்து, பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும் அண்ணாச்சி. புள்ளையத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. நான் வேண்டினது, நானே வேணாம்ங்கறேன். சாப்பிடுங்க."

"பலன் ஓடிக்கிட்டுல்லா இருக்கு. எப்படி நிறுத்த?" என்றார். "அது சொவமா வளரட்டும். நீ உப்பு பாரு."

மறு வருஷம் அவர் நாற்பத்தைந்து நாள் லீவில் ஊருக்குப் போனார். போன மூன்றாம் நாள், நான் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டிருந்த நேரம், ஊர் நம்பரிலிருந்து போன் வந்தது. அண்ணாச்சி வீட்டு அண்ணி. அதுவரை நான் பேசியதே இல்லை.

"தம்பி, இவுக மீனு திங்க மாட்டேங்காவ. சீலா வாங்கிக் கொழம்பு வச்சேன், தட்டத் தள்ளிட்டாவ. கேட்டா வயித்துக்குச் சேரலங்காவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒருநாளும் இப்படிச் சொன்னதில்ல. அங்க எதும் சீக்கு வந்து மறைக்காவளா? நீங்கதான் ஒரே ரூமு. மறைக்காமச் சொல்லுங்க தம்பி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயில் கையாலேயே துடைத்துக்கொண்டு, சீக்கு ஒன்றும் இல்லை அண்ணி, நான்தான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, நரிக்கோயில், அவரைக் கேட்காமல் அவர் மீனை நான் எடுத்துக் கொடுத்தது, ஒன்று விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் டிவியில் யாரோ அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"புள்ள இப்ப எப்படி இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கா அண்ணி. நேத்து கட்டில் காலைப் பிடிச்சு நின்னாளாம்."

"எந்திச்சு நின்னுட்டாளா?"

"ஆமா."

"அப்ப அவுக திங்க வேண்டாம்" என்றார் அண்ணி. "நல்ல சீலா. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருதேன்."